இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து இரண்டு வருடம்: எங்கள் கடலூர் அரசு நடுநிலைப் பள்ளி எப்படி இருக்கிறது?

2023 ஜூனில் பெரியவளை ஆறாம் வகுப்பிலும் சின்னவனை இரண்டாம் வகுப்பிலும் இங்கே சேர்த்தோம். அதுவரை இரண்டு பேரும் ஒரு தனியார் பள்ளியில். ஃபீஸ், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கே வருடம் நாற்பதாயிரத்தைத் தாண்டியது, என் வீட்டுக்காரருக்கோ மீன் வியாபாரம், தடைக்காலத்தில் கையில் பணமே புரளாது. முதுநகர்ப் பக்கம் நிறையப் பேர் "அங்கே சேர்க்கலாமா" என்று என்னிடம் கேட்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

சேர்க்கலாம். புத்தகம், நோட்டு, சீருடை எதற்கும் காசு கிடையாது. நாங்கள் சேர்த்த இரண்டு மாதத்தில், அந்த ஆகஸ்ட்டில், காலை உணவும் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். வீட்டில் பொங்கல் என்றாலே முகத்தைச் சுளிக்கிற சின்னவன் அங்கே உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான். வகுப்பு டீச்சர் இரண்டு மூன்று பாடங்களில் அவன் பின்தங்கி இருப்பதைக் கவனித்து என்னைக் கூப்பிட்டுப் பேசினார், பழைய பள்ளியில் மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

குறையும் இருக்கிறது. கழிவறை மதியத்துக்கு மேல் உபயோகிக்க முடியாது, காலையில் ஒருமுறை கழுவுவதோடு சரி. இங்கிலீஷ் பேச வராது, அதை நாம்தான் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஓவிய சார். இந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். என் பெண் ஆறாவது சேர்ந்தபோது யாரோடும் பேசமாட்டாள், நோட்டின் ஓரத்தில் படம் போட்டுக்கொண்டே இருப்பாள், பழைய பள்ளியில் அதற்குத் திட்டு வாங்கியவள். இவர் அந்த ஓரத்துப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய சார்ட்டைக் கொடுத்து, துறைமுகத்தில் உங்கள் அப்பா நிற்கிற மாதிரி வரைந்து கொண்டுவா என்றார். அதிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். போன வருடம் ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் தொங்கிய படம் அவளும் அவள் தோழிகளும் போட்டது.

அந்த சாரை 2025 மே மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைச் சுவரில் ஏணி போட்டு எழுத்து எழுதிக்கொண்டிருக்கும்போது பார்த்தோம். என் பெண் "சார்!" என்று கத்தினாள், அவர் கீழே இறங்கி வந்து, லீவில் என்ன வரைந்தாய் என்றுதான் முதலில் கேட்டார். லீவிலும் வேலையா சார் என்று நான் கேட்டதற்கு, "மே மாசம் எங்களுக்குச் சம்பளம் கிடையாதும்மா, பதிமூணு வருஷமா இப்படித்தான்" என்றார். எனக்கு அதுவரை தெரியாது.

விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி மாதிரிப் பாடங்களுக்கு 2012-ல் ஜெயலலிதா ஆட்சியில் பதினாறாயிரம் பேருக்கு மேல் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அது ஏறி ஏறி 2025-ல் 12,500 ஆக இருந்தது. பதினோரு மாதம் வாங்கியதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் 11,458 ரூபாய்தான் வரும், அதை வைத்து இந்த ஊரில் வாடகை கொடுத்து ஒரு குடும்பம் எப்படி நடத்துவது? அ.தி.மு.க. ஒன்பது வருடம் இவர்களை நிரந்தரம் செய்யவில்லை. 2021 தேர்தலில் தி.மு.க. தன் 181-வது வாக்குறுதியாகப் பணி நிரந்தரம் செய்வோம் என்றது, 2025 வரை செய்யவில்லை. கேட்டால் நிதி நிலைமை என்றார்கள்.

மத்தியில் இருப்பவர்கள் செய்ததும் தப்புதான். தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்று, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற பள்ளித் திட்டமான சமக்ர சிக்‌ஷா பணம் 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள், நம் ஓவிய சாருடைய சம்பளமும் அந்தத் திட்டத்தில்தான் வருகிறது. 2025 பிப்ரவரியில் நம் கடலூர் மாவட்டத்துக்கு வந்த அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின், பத்தாயிரம் கோடி கொடுத்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அந்த உறுதி எனக்குப் பிடித்தது, பிள்ளைகள் படிப்புக்கான பணத்தை வைத்து யாரும் பேரம் பேசக்கூடாது. ஆனால் அதே உறுதி ஓவிய சார் விஷயத்திலும் இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கல்விக்கு 2025-26 பட்ஜெட்டில் 46,767 கோடி. பகுதிநேர ஆசிரியர்கள் அப்போது சுமார் 12,000 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் மே மாதச் சம்பளம் கொடுக்க 15 கோடி ஆகியிருக்கும், அவ்வளவுதான். நிரந்தரம் செய்யக் காலம் வேண்டும் என்றால் சரி, இந்த 15 கோடியைக்கூடக் கொடுக்காமல் நிதி இல்லை என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தாலும் மே மாதச் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதாக இருக்கிறேன், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லியிருக்கிறேன், தலைமை ஆசிரியர் மறுக்கவில்லை.

சேர்க்க நினைத்தால் டி.சி., ஆதார், பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். படம் வரைகிற பிள்ளை என்றால் திங்கள், புதன், வெள்ளி மதியம் போனால் சாரையும் பார்த்துவிட்டு வரலாம்.