பிஹெச்பிமைஅட்மினா, அட்மினரா, டிபீவரா: எதற்கு எது?

மதுரையில் கடைகளுக்கும் கல்லூரிகளுக்கும் சின்ன அளவில் மென்பொருள் செய்து கொடுப்பவர்கள், எந்த டேட்டாபேஸ் வேண்டும் என்று தாங்களே தீர்மானிக்கும் வாய்ப்பு அரிது. கீழமாசி வீதி மொத்தக் கடையில் யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன ஸாம்ப் (வெப் சர்வர், பிஹெச்பி, டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு) ஓடிக்கொண்டிருக்கும். திருமங்கலத்து ஆலையின் பில்லிங், வாடகை சர்வரில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் 8-ம் பதிப்பில் இருக்கும். கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள் என்றால் அடியில் மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல், டிஸ்பேஸ் என்ற ஆவணக் களஞ்சிய மென்பொருள் என்றால் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸ். இத்தனையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்றால், டேட்டாபேஸைத் திறந்து பார்த்துத் திருத்த உதவும் பிஹெச்பிமைஅட்மின், அட்மினர், டிபீவர் மூன்றில் கையில் எந்தக் கருவி?

"இத்தனை டேட்டாபேஸை ஆதரிக்கிறோம்" என்ற பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லாகின் ஆவது எல்லாக் கருவியிலும் ஆகும். ஒரே டேட்டாபேஸிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லும்போது கருவி என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டையும் தொடங்கியவர் மான்டி வைடேனியஸ். மை, மரியா இரண்டும் அவர் மகள்களின் பெயர்கள். மைஎஸ்க்யூஎல்லைக் கையில் வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கப்போகிறது என்ற செய்தி வந்த 2009-ல் மரியாடிபி தனிக் கிளையாகப் பிரிந்தது. முதலில் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன, இப்போது இல்லை. குழப்பம் ஸாம்பிலேயே தொடங்கிவிடுகிறது: 2015 முதல் அதற்குள் இருப்பது மரியாடிபி, கன்ட்ரோல் பேனல் பட்டனில் இன்னும் மைஎஸ்க்யூஎல் என்றே எழுதியிருக்கிறது. மரியாடிபி 10 வரிசை, கனெக்‌ஷன் தொடங்கும்போது தன் பதிப்பை 5.5.5-10.4 என்கிற மாதிரி சொல்லும். பழைய ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரின் டேட்டாவை இன்னொன்றில் நகலெடுத்துக்கொண்டே இருப்பது) உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. முன்னால் நிற்கும் எண்ணை மட்டும் படிக்கும் கருவி, அரதப்பழசான மைஎஸ்க்யூஎல் என்று நினைத்துப் பாதி வசதிகளை மறைத்துவிடும்.

இன்னொன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். டேபிளில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசை (column), எதுவும் தராவிட்டால் அதில் தானாக விழும் மதிப்பு, அதாவது டீஃபால்ட், 'நிலுவை'. டேபிள்களின் அமைப்பைச் சொல்லும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் கேட்டால் மைஎஸ்க்யூஎல் நிலுவை என்று வெறுமனே தரும், மரியாடிபி 10.2.7 முதல் மேற்கோள் குறியோடு சேர்த்துத் தரும். டீஃபால்ட் நல் (மதிப்பே இல்லை) என்றால் மரியாடிபியில் நிஜமான நல் வராது, NULL என்ற நான்கெழுத்துச் சரம் வரும். இதை அறியாத கருவியில் டேபிளைத் திருத்தி சேவ் செய்தால் மேற்கோள் குறியும் டேட்டாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் "அண்ணே, பாக்கி லிஸ்ட் காலியா இருக்கு" என்று கடையிலிருந்து போன் வரும்.

பிஹெச்பிமைஅட்மின் இந்த இடத்தில் கெட்டி. 1998 முதல் ஒரே குடும்பத்தோடு வாழ்ந்த கருவி. எதிரே இருப்பது மரியாடிபியா, பெர்கோனா என்ற இன்னொரு கிளையா என்று தன் நிரலிலேயே தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. யூசர் உரிமைகள், ட்ரிக்கர் (டேட்டா மாறும்போது தானாக ஓடுவது), ஈவென்ட் (குறித்த நேரத்தில் ஓடுவது) எல்லாம் ஆழமாக இருக்கும். ட்ரிஸில் என்ற மற்றொரு கிளையையும் ஒரு காலத்தில் சேர்த்தார்கள். அந்தக் கிளையே பட்டுப்போனதும் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கிளைக்கும் யாராவது தொடர்ந்து டெஸ்ட் செய்துகொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை. போஸ்ட்கிரெஸ் பக்கம் இது திரும்பிக்கூடப் பார்க்காது. என்னைக் கேட்டால் அது குறையே இல்லை.

அட்மினர் போகும் வழி வேறு. ஒரே ஒரு பிஹெச்பி ஃபைல். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட், எம்எஸ் எஸ்க்யூஎல், ஆரக்கிள் எல்லாம் அதற்குள். ஒவ்வொரு டிரைவரும் (ஒரு வகை டேட்டாபேஸோடு பேசும் பகுதி) தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொல்லிவிடுகிறது. தெரியாததன் மெனுவே வராது. எஸ்க்யூலைட்டில் யூசர் உரிமைப் பக்கத்தைத் தேடி அலைய வேண்டாம். பதிப்பைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் மைஎஸ்க்யூஎல்லுக்கு ஓர் எண்ணும் மரியாடிபிக்கு வேறொரு எண்ணும் வாங்கிக்கொள்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் எழுதியவர் யோசித்திருக்கிறார் என்று தெரிகிறது. ஆழம் கொஞ்சம் குறைவு. வேலை முடிந்ததும் ஃபைலை சர்வரிலிருந்து அழித்துவிடுங்கள், 4.6.3-க்கு முந்தைய பதிப்புகள் வழியாக சர்வர் ஃபைல்களைத் திருட முடிந்தது.

டிபீவர் டெஸ்க்டாப் ஆள். ஜாவாவில் எழுதியது, ஜேடிபிசி (டேட்டாபேஸோடு பேச ஜாவா வைத்திருக்கும் பொது முறை) டிரைவர் உள்ள எதோடும் பேசும். மைஎஸ்க்யூஎல்லுக்கும் மரியாடிபிக்கும் தனித்தனி டிரைவர். முதல் தடவை இணைக்கும்போது டிரைவரை நெட்டிலிருந்து இறக்கும் என்பதால், கிளம்புவதற்கு முன்பே வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒரே திரையில் போஸ்ட்கிரெஸையும் மரியாடிபியையும் வைத்துப் பார்க்க இதைவிட வசதி இல்லை. ரேம் குறைந்த பழைய லேப்டாப்பில் மட்டும் பொறுமை வேண்டும்.

கடையிலும் ஆலையிலும் இருப்பது மைஎஸ்க்யூஎல் குடும்பம் மட்டும்தான் என்றால் பிஹெச்பிமைஅட்மின், யோசிக்கவே வேண்டாம். போன இடத்தில் என்ன இருக்கும் என்றே தெரியாது என்றால் பென்டிரைவில் அட்மினர். நூலகத்து போஸ்ட்கிரெஸும் உங்கள் தலையில் என்றால் டிபீவர்.

ஒரு சிக்கலில் மட்டும் மூன்றுமே கை கொடுக்காது. மைஎஸ்க்யூஎல் 8-ல் எடுத்த டம்ப்பை (டேட்டாபேஸின் நகல் ஃபைல்) பழைய மரியாடிபியில் ஏற்றினால், பெயரில் 0900 வரும் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) எனக்குத் தெரியாது என்று 1273 எரர் வந்து நிற்கும். டம்ப்பை எடிட்டரில் திறந்து, அந்தப் பெயரை இரண்டு பக்கமும் தெரிந்த யூனிகோட் கொலேஷனாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். ஏற்றியதும் யுனிக் இன்டெக்ஸ்களையும் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பவை) ஒருமுறை பாருங்கள். எந்த எழுத்து எந்த எழுத்துக்குச் சமம் என்ற கணக்கு கொலேஷனுக்குக் கொலேஷன் மாறும்.