நீல டைக்கரா, தேன் காளானா?

ஒன்று குட்டி மறிமான், இன்னொன்று மரத்தைக் கொல்லும் பூஞ்சை. விசித்திரமான ஜோடிதான், ஆனாலும் இரண்டுக்கும் சோறு போடுவது மரம். இரண்டில் எதற்கு என் ஓட்டு என்பதுதான் கேள்வி.

ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் நீல டைக்கர் நான்கைந்து கிலோதான் இருக்கும். குரங்குகளும் பறவைகளும் உதிர்க்கும் பழங்களைப் பொறுக்கித் தின்னும். ஆபத்து என்றால் புதருக்குள் பாய்ந்துவிடும். மரத்துக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை.

தேன் காளான் அப்படியில்லை. வெளியே தெரியும் குடைகள் கொஞ்ச நாள்தான். உண்மையான உடல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் இருக்கிறது. ஷூ லேஸ் போன்ற கறுப்பு இழைகள் வேருக்கு வேர் தாவி, பட்டைக்கு அடியில் புகுந்து மரத்தைச் சாகடிக்கும். செத்த பிறகும் விடாது, கட்டையையும் தின்னும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மால்யூர் காட்டில், ஒரே பூஞ்சை சுமார் 965 ஹெக்டேர் பரவியிருக்கிறது. வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல் என்று கணிக்கிறார்கள். அழகு டைக்கருக்கு, சரி. பலத்துக்கு என் ஓட்டு பூஞ்சைக்கே.