கோரமங்களா ஜெர்மன் வகுப்பு: தேர்வுக்குப் போதும், விரிவுரைக்குப் போதாது

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பும் நம்ம ஆட்கள் பெங்களூரில் எங்கே ஜெர்மன் கற்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். கோரமங்களா பக்கம் ஒரு சின்ன தனியார் மையத்தில், வார இறுதி வகுப்பில் ஏ1 என்ற தொடக்க நிலையில் ஆரம்பித்து, நடுநிலையான பி1-ஐத் தாண்டி, பி2 வரை படித்தேன்.

இலக்கணம் சொல்லித் தருவதில் குறையே இல்லை. எங்கள் மேடம் மதுரைக்காரர். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்ற இடத்தில் பலரும் திணறியபோது, "தமிழ்ல வினை கடைசியிலதானே வருது, பொறுமையா காத்திருங்க" என்று சொல்லி அல்சூர், கே.ஆர்.புரம் பக்கமிருந்து வந்த எங்களையெல்லாம் கரையேற்றிவிட்டார். நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களும் பேட்சில் இருந்தார்கள், அவர்களுக்கு மருத்துவமனையில் பேசுவது போலத் தனியாகப் பயிற்சி கொடுத்தார். அந்த அக்கறைக்கே ஒரு நன்றி.

கேட்கும் பயிற்சிதான் போதவில்லை. ஸ்டுடியோவில் நிதானமாகப் பேசிப் பதிவு செய்த ஆடியோவைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், அதைக் கேட்டுவிட்டு நமக்கு எல்லாம் புரிகிறது என்று நம்பிவிடுகிறோம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான டிஎஸ்ஹெச் தேர்வில்கூட விரிவுரையை இரண்டு முறை வாசிப்பார்கள். ஆனால் நிஜ வகுப்பில் ஒரே முறைதான். ஆபீஸ் வேலையாக ம்யூனிக்கில் இருந்தபோது, அங்கே படிக்கும் தோழி பேராசிரியருக்கு மெயில் போட்டு அனுமதி வாங்கி, தன் பொருளாதார வகுப்புக்கு என்னையும் கூட்டிப்போனாள். ஒன்றரை மணி நேரம். பேராசிரியரின் பேச்சில் பவேரிய வாடை, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு வேறு ஒன்றுக்குத் தாவுகிறார், பின்வரிசையில் சலசலப்பு. அதைவிடச் சிரமம் எண்கள். ஜெர்மனில் 47 என்பதை ஏழை முதலில் சொல்லி, அப்புறம்தான் நாற்பதைச் சொல்வார்கள், அவர் சதவீதங்களை வரிசையாக அடுக்கும்போது ஒன்றைச் சரியாகப் பிடித்து எழுதுவதற்குள் அடுத்த இரண்டு ஓடிவிடுகின்றன.

அங்கே கால அட்டவணையில் 10 சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத்தான் ஆரம்பிக்கும் என்பதோ, முடிந்ததும் கைதட்டாமல் மேசையைத் தட்டுவார்கள் என்பதோ மையத்தில் யாரும் சொல்லவில்லை. வெளியாட்கள் கட்டணம் கட்டி காஸ்ட்ஹோரர் என்று பதிந்துகொண்டு வகுப்பில் உட்காரலாம், பட்டம் கிடைக்காது என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது. படிக்கப் போகிறவர்களுக்கு இதெல்லாம் பி1 முடிவதற்குள் தெரிந்திருக்க வேண்டாமா?

திரும்பி வந்ததும் மைய அலுவலகத்தில் இதைச் சொன்னேன், பாடத்திட்டத்தில் இல்லை என்றார்கள். எனக்கு அந்தப் பதில் சரியாகப் படவில்லை. டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் டிம்ஸ் தளத்தில் நிஜ விரிவுரைப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வாரம் இருபது நிமிடம் அதில் ஒன்றை நிறுத்தாமல் ஓடவிட்டு, எல்லோரையும் குறிப்பெடுக்கச் சொல்லி, அப்புறம் உட்கார்ந்து பேசினாலே பெரிய வித்தியாசம் தெரியும். மையம் செய்யும் வரை காத்திருக்காமல் நீங்களே பி1-இலிருந்து தொடங்கிவிடுங்கள், உங்கள் பாடத்திலேயே ஒன்றைத் தேடி எடுங்கள்.

தேர்வில் தேறுவதுதான் நோக்கம் என்றால் தாராளமாகச் சேரலாம். சேரும்போது மதுரை மேடம் எடுக்கும் பேட்ச் எது என்று கேட்டு அதிலேயே இடம் வாங்குங்கள், சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.