வன்னியில் செற்றி வாங்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து நிற்கிற நேரத்தில் வீட்டுக்கு ஒரு நல்ல செற்றி (சோபா) எடுத்துக் கொடுத்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு வன்னியில் இரண்டு வழி. கிளிநொச்சி, வவுனியா போன்ற இடங்களில் ஏ9 வீதியோரம் இருக்கிற காட்சியறைகளும் தளபாடக் கடைகளும் ஒன்று. உள்ளூர்த் தச்சுப் பட்டறையில் சொல்லிச் செய்விப்பது மற்றது. கையில் ஒன்றரை இலட்சம் ரூபா அளவில் வைத்துக்கொண்டு, பத்து வருடமாவது பாவிக்க வேண்டும் என்று பார்த்தால், மரச்சட்டத்தில் குசனைத் தனியாகத் தூக்கி வைக்கிற செற்றியைப் பட்டறையில் செய்விப்பதுதான் சரி என்பது எங்கள் கணிப்பு.

காட்சியறையில் அந்தக் காசுக்குக் கண்ணைப் பறிப்பது முழுக்கத் துணி போர்த்திய பெட்டிச் செற்றி. உள்ளே இருப்பது பலகையா, மரத்தூளை அமுக்கிச் செய்த தட்டா என்று வெளியில் நின்று தெரியாது. தூள் தட்டு ஈரம் பட்டால் ஊதும்; ஒருமுறை ஊதினால் ஆணி பிடிக்காது. அடிப்பக்கம் மெல்லிய கறுப்புத் துணியை ஸ்ரேப்பிள் அடித்து மூடியிருப்பதால், வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் எலிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கறையான் ஏறினாலும் கடைசியில்தான் தெரியவரும்.

ரெக்சின் என்று விற்பதிலும் இரண்டு வகை. தொட்டால் தோல்போல மெதுவாக இருக்கும் பொலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரத்தில் மெல்ல உடைந்து இரண்டு மூன்று வருடத்தில் செதிள் செதிளாக உரியத் தொடங்கும். பாவிக்காமல் மூடி வைத்தாலும் உரியும். பிவிசி ரெக்சின் அதைவிட நிற்கும். ஆனால் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் முதுகு ஒட்டும், வெயில் படுகிற யன்னலோரம் இறுகி வெடிக்கும். வன்னி வீட்டுக்கு இரண்டும் வேண்டாம், துணிதான் நல்லது.

மரத்துக்கு வருவோம். முதிரையும் பாலையும் கறையானுக்கு இலேசில் அசையாதவை. ஆனால் விலை கூட, பாரமும் கூட. யாராவது முதிரை மலிவாகத் தருகிறேன் என்றால் மரக்காலை (மரம் விற்கிற இடம்) கொடுத்த பில்லைக் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாத மரம் வழியில் பிடிபட்டால் மரத்தோடு வாகனமும் போகும். தேக்கு எப்போதும் நல்லது, காசு இடம் கொடுத்தால். நடுத்தர விலைக்குப் பொருத்தம் வேம்பு. தென்னிலங்கையிலிருந்து வரும் ரப்பர் மரத்தை, மருந்து ஏற்றிப் பதப்படுத்தியது என்றால் மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் உளு (மரத்தைத் துளைக்கிற பூச்சி) பிடித்துக் காலடியில் வெள்ளை மா கொட்டும்.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பலகையா என்பதுதான் கேள்வி. ஓரத்து வெள்ளைப் பலகையை உளுவும் கறையானும் முதலில் தின்னும். கறுத்த பொலிஷ் அடித்துவிட்டால் வைரமும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஓடர் கொடுக்கும்போதே, “அண்ணை, அடிப்பக்கம் பொலிஷ் அடிக்காமல் விடுங்கோ, நாங்கள் வந்து பார்த்த பிறகு அடிக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். நல்ல ஓடாவி இதற்குக் கோபிக்கமாட்டார். பார்த்து முடிந்ததும் அடிப்பக்கத்துக்கும் கால் நுனிகளுக்கும் கறையான் மருந்து இரண்டு தரம் பூசி, அதன்மேல் வார்னிஷ் அடிக்க வேண்டும். கழிவு ஒயில் பூசித் தருகிறேன் என்பார்கள். வேலித் தூணுக்கு அது சரி, விறாந்தைக்குள் மணமும் கறையும் போகாது.

பலகை காய்ந்ததா என்பது அடுத்தது. மாரியில் அறுத்த பலகையில் மாரியிலேயே செய்தால் சித்திரை வெயிலுக்குப் பொருத்து வாய் திறக்கும். ஓரங்குலப் பலகை, இடையில் சலாகை கொடுத்து அடுக்கி, நிழலில் சில மாதமாவது கிடந்திருக்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் அடிக்கும் லக்கருக்கு இன்னொரு வில்லங்கம்: காற்றில் ஈரம் கூடினால் மேலே வெள்ளை பூத்துவிடும். தைப்பொங்கலுக்கு வருகிறவர்கள் புரட்டாதி பிறப்பதற்குள் மர வேலையையும் பொலிஷையும் முடிக்கச் சொல்வது நல்லது.

அளவுகளை எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லவேண்டாம். வயதானவர்கள் இருக்கிற வீட்டில், குசனோடு சேர்த்து இருக்கை உயரம் 17 முதல் 18 அங்குலம், ஆழம் 20 முதல் 22 அங்குலம். வெளிநாட்டு மோஸ்தரில் 15 அங்குல உயரமும் 25 அங்குல ஆழமுமாகச் செய்தால், முழங்கால் நோவுள்ள அம்மம்மா அதில் இருந்தால் எழும்ப ஆள் பிடிக்க வேண்டும். மூன்று பேர் இருக்கும் செற்றிக்கு 22 அங்குலக் குசன் மூன்று, கைப்பிடி பக்கத்துக்கு மூன்று அங்குலம், மொத்தம் ஆறடி. இந்த நீளத்துக்கு முன்சட்டத்தின் நடுவில் ஐந்தாவது கால் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல்தான் பாதிச் செற்றி நடுவில் தொய்கிறது. கால் இரண்டு அங்குலச் சதுரத்துக்குக் குறையக் கூடாது. முன்சட்டம் நாலு அங்குல அகலம், ஓரங்குலத் தடிப்பு. மூலைகளில் துளையிட்டு நாக்கு இறக்கிப் பசை வைத்த பொருத்தும், உள்மூலையில் திருகாணி போட்ட முக்கோணக் கட்டையும் இருக்க வேண்டும். வெறும் ஆணியில் நிற்கும் மூலை, பிள்ளைகள் கைப்பிடியில் ஏறி இருக்கத் தொடங்கினால் ஆடும். இருக்கைக்கு அடியில் போடும் சலாகைகளுக்கு இடையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் ஸ்பொஞ் அதற்குள் இறங்கிவிடும்.

ஏமாற்று கூடுதலாக நடப்பது ஸ்பொஞ்சில். தடிப்பைக் காட்டி விற்பார்கள், அடர்த்தியைச் சொல்லமாட்டார்கள். இருக்கைக்குக் கன மீற்றருக்கு 32 கிலோ அடர்த்தி வேண்டும். முதுகுக்கு 20 முதல் 24 போதும். கையால் அமத்திப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, மலிவு ஸ்பொஞ்சையும் இறுக்கமாகச் செய்யலாம். தராசில் வையுங்கள். உறை கழற்றிய 22க்கு 22 அங்குலம், நாலு அங்குலத் தடிப்புத் துண்டு 32 அடர்த்தி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ நிறுக்கும். அரைக் கிலோ காட்டினால் அது 16 அடர்த்திச் சாமான். ஒரு வருடத்தில் பள்ளம் விழும். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசே போதும். காசு தட்டுப்பட்டால் முதுகுக் குசனில் குறையுங்கள், இருக்கையில் தொடவேண்டாம்.

மூன்று பேர் இருக்கிற செற்றி ஒன்று, ஒருவர் இருக்கிறது இரண்டு என்ற செற்றுக்கு இருக்கையும் முதுகுமாகப் பத்துக் குசன். 54 அங்குல அகலத் துணி ஏறக்குறைய பத்து மீற்றர் பிடிக்கும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) பெயர்ந்தால் கிறவல் ஒழுங்கைப் புழுதி முழுக்க வீட்டுக்குள்தான், அதனால் கழற்றித் தோய்க்கிற உறை வேண்டும். சிப் நைலோனாக இருக்கட்டும், இரும்பு துருப்பிடித்துத் துணியையும் பழுதாக்கும். பருத்தித் துணி என்றால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலோடு ஸ்பொஞ் உள்ளே போகாது. கல்சியம் கூடிய கிணற்றுத் தண்ணீரில் கடும் கறுப்பும் கடும் நீலமும் வெளிறிப்போய்த் தெரியும். மண் நிறம், சாம்பல் நிறம் தாங்கும்.

பட்டறைகளின் பலவீனம் சொன்ன தவணைக்கு முடிக்காதது. ஆடி ஆவணி விடுமுறைக் கூட்டத்தோடு கலியாண ஓடர்களும் சேர்ந்தால், இரண்டு கிழமை என்று சொன்னது ஐந்தாகும். நீங்கள் வந்திறங்கி ஓடர் கொடுத்தால் பொருளைப் பார்க்காமலே திரும்பவேண்டி வரலாம். வருவதற்கு இரண்டு மாதம் முன்னரே ஊரிலுள்ள ஒருவரைக் கொண்டு கொடுப்பியுங்கள். விலையையும் அவரே பேசட்டும், வெளிநாட்டுக் கதை வந்தால் விலை ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. காசை மூன்றாகப் பிரியுங்கள்: பலகை எடுக்க ஒரு பங்கு, பொலிஷுக்கு முன் சட்டத்தைப் பார்த்து ஒரு பங்கு, வீட்டில் இறக்கியபின் மிச்சம். முழுக்காசையும் முன்னுக்குக் கொடுத்தால் வேலை பின்னுக்குப் போகும்.

நாள் இல்லை, கடையில்தான் எடுக்க வேண்டும் என்றால், செற்றியின் முன்மூலை ஒன்றை அரையடி தூக்குங்கள். மற்ற முன்காலும் கூடவே எழும்பவேண்டும். நிலத்திலேயே நின்றால் சட்டம் முறுகுகிறது. அடிக் கறுப்புத் துணியின் ஒரு மூலையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற இடத்தில் எடுக்கவேண்டாம். உத்தரவாதம் சட்டத்துக்கா, ஸ்பொஞ்சுக்கா, துணிக்கா என்று பில்லிலேயே எழுதுவியுங்கள். பில்லை அங்கே இருக்கப்போகிறவரின் பெயரில் போடுங்கள், உங்கள் பெயரில் இருந்தால் பிறகு முறைப்பாட்டுக்கு அலைய ஆளில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. தவணை முறைக்கு அடையாள அட்டையும் பிணையாளும் கேட்பார்கள். வட்டியைக் கூட்டிப் பார்த்தால் வேம்புச் செற்றியின் காசில் தேக்கு எடுத்திருக்கலாம்.

“டெலிவரி இலவசம்” என்பது பெரும்பாலும் நகர எல்லைக்குள். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கம் என்றால் பட்டா (சிறிய லொறி) பிடிக்கும் கூலியை முன்பே பேசுங்கள். மழை நாளில் படங்கு கட்டாமல் ஏற்ற விடவேண்டாம். வாசல் அகலத்தை அளந்துகொண்டு போங்கள், கழற்ற முடியாத பெட்டிச் செற்றிகள் உள் அறைக் கதவில் சிக்கும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் செற்றியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைக்கவேண்டும். கறையான் சுவரோரத்தால்தான் ஏறும். உறைகளைத் தோய்த்து நன்றாகக் காயவைத்து அலுமாரிக்குள் வையுங்கள். ஸ்பொஞ்சைப் பொலித்தீனால் இறுக்கக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், பழைய பருத்திச் சீலையால் மூடி நிமிர்த்தி வைத்தால் போதும். குசனின் நீளம், அகலம், தடிப்பு, அடர்த்தி நான்கையும் சட்டத்தின் அடியில் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை ஸ்பொஞ் மாற்ற வாட்ஸ்அப்பில் அதன் படம் ஒன்றை அனுப்பினால் வேலை முடியும்.