நாய்களுக்கு வீட்டுக்குள் கழிப்பிடம்: மூன்று வருட அனுபவம்

கோண்டாவிலில் வளவும் முற்றமுமாக இருந்த வீட்டை விட்டு, யாழ்ப்பாண நகரில் ஒரு மேல்மாடி வீட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்தபோது, 2 மாதக் குட்டி ஒன்றும் 4 வயது ஆண் நாயும் 12 வயதுப் பெட்டை நாயும் எங்களோடு வந்தன. “நாய்க்கும் கக்கூஸோ?” என்று சிரித்த கீழ்வீட்டு அம்மா, கார்த்திகை மாரியில் ஒழுங்கையில் வெள்ளம் நின்றபோது தானே மேலேறி வந்து விபரம் கேட்டார்.

குட்டியைப் பழக்குவது எளிதாகவே இருந்தது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சிறிது நேரத்திலும், விளையாடி முடித்ததும் விறாந்தையில் வைத்த தட்டுக்குத் தூக்கிச் சென்றோம். அந்த வயதில் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அடக்கும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய பிழையேயன்றிக் குட்டியின் பிழையன்று. கடையில் வாங்கிய உறிஞ்சு விரிப்புகளை அது கிழித்து மென்றதால், உள்ளிருக்கும் பசைப்பொருள் வயிற்றுக்குள் போய்விடுமோ என்று அஞ்சி, மேலே வலைத்தட்டுப் பொருந்திய பிளாஸ்டிக் தட்டுக்கு மாறினோம்.

முதிய நாய்க்குப் பழக்கம் தேவைப்படவில்லை, தட்டின் அருகாமைதான் தேவைப்பட்டது. அது உறக்கத்திலேயே படுக்கையை நனைக்கத் தொடங்கியபோது மறதி என்றுதான் நினைத்தோம். கருத்தடை செய்த பெட்டை நாய்களுக்கு முதுமையில் இவ்வாறு நேர்வதுண்டு என்றும், அதற்கு மருந்து இருக்கிறது என்றும் மிருக வைத்தியர் சொன்ன பிறகே, அதனை ஏசியதற்காக வெட்கப்பட்டேன்.

உண்மையான சோதனை ஆண் நாய்தான். செம்மண்ணில் வளர்ந்த அதற்கு, காலடியில் மண் இல்லாத இடம் கழிப்பிடமாகத் தோன்றவேயில்லை. முதல் நாள் இரவு முழுவதும் அடக்கிக்கொண்டு கதவடியிலேயே நின்றது. இறுதியில் பழைய வீட்டிலிருந்து ஒரு உரப்பை செம்மண் கொண்டுவந்து அகன்ற தட்டில் பரப்பி, காலைத் தூக்குவதற்கு வசதியாக வேலிக்கு நடும் பூவரசந் தடியான ஒரு கதியாலையும் அதன் நடுவே ஊன்றினோம். மணந்து பார்த்து, இரண்டு முறை சுற்றி வந்து, கதியாலை நனைத்தது. ஆனால் அந்த மண் வீடெங்கும் சிவப்புக் கால் தடமாகப் படர்ந்ததால், வாரந்தோறும் ஒரு பிடி மண்ணைக் குறைத்து, அந்த இடத்தில் செயற்கைப் புல் துண்டுகளை வைத்து வந்தோம். முழுமையாக மாற நான்கு மாதங்கள் ஆகின.

தவறிய இடங்களை முதலில் அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தது பெரும் பிழை. சிறுநீரிலும் அதே நெடி இருப்பதால் நாய் மீண்டும் அங்கேயே போனது. நெடியைச் சிதைக்கும் நொதிகள் கொண்ட திரவத்துக்கு மாறியதும் அந்தப் பழக்கம் நின்றது. செயற்கைப் புல்லை நாள்தோறும் கழுவி வெயிலில் காயவிடுகிறோம். மாரியில் ஒன்று காயாது என்பதால் இரண்டு வைத்திருப்பது நல்லது.

கதியாலை மட்டும் இன்னும் எடுக்க முடியவில்லை. ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். அன்று மாலையே கதிரைக் கால் நனைந்தது.