ஏற்காட்டு வார இறுதி வகுப்பு: திண்ம ஹீலியம் வழிந்தோடுமா?

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்காக ஏற்காட்டில் நடத்தும் வார இறுதி வகுப்பில், இம்முறை எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் திண்ம ஹீலியம் போன்ற குவாண்டம் படிகங்களின் மீப்பாய்மத் தன்மை, அதாவது உராய்வே இல்லாமல் வழிந்தோடும் இயல்பு. கொடுத்த கட்டணத்துக்குக் குறைவில்லாமல் கற்றேன். ஆயினும் நேரத்தைப் பங்கிட்ட விதத்தில் எனக்கு உடன்பாடில்லை.

வரலாற்றுப் பகுதி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. முறுக்கு ஊசலுக்குள் வைத்த திண்ம ஹீலியத்தின் அலைவு நேரம் சுமார் 0.2 கெல்வினுக்குக் கீழே குறைவதை 2004-இல் கிம், சான் இருவரும் கண்டதும் (திண்மத்தின் ஒரு பகுதி ஊசலோடு சேர்ந்து அசையாமல் வழிகிறது என்று அதற்குப் பொருள்கொண்டார்கள்), படிகமே அவ்வெப்பநிலையில் விறைப்படைகிறது, அதுவும் அலைவு நேரத்தைக் குறைக்கக்கூடும் என்று 2007-இல் டே, பீமிஷ் இருவரும் காட்டியதும், 2012-இல் சான் குழுவினரே விறைப்பின் பாதிப்பைத் தவிர்க்கும் கலத்தில் மீண்டும் அளந்தபோது அந்த விளைவு மறைந்துபோனதும் வரிசையாகச் சொல்லப்பட்டன.

வகுப்பின் உயிர் கணினிக் கணிப்புப் பகுதியில்தான் இருந்தது. துகள் செல்லக்கூடிய எல்லாப் பாதைகளையும் கூட்டிக் கணக்கிடும் ஃபெயின்மனின் பாதைத் தொகையீட்டில், ஒவ்வொரு அணுவும் கற்பனைக் காலத்தில் (வெப்பநிலையோடு தொடர்புடைய ஒரு கணித அச்சில்) ஒரு மூடிய வளையமாகிறது. அணுக்கள் இடம் மாறிக்கொள்ளும்போது வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்து நீள்கின்றன. அப்படி நீண்ட வளையம் கணிப்புப் பெட்டியை முழுவதும் சுற்றிவந்தால்தான் மீப்பாய்மம் உண்டு. வளையங்கள் பெட்டியை எத்தனை முறை சுற்றுகின்றன என்ற சுற்றெண்ணின் வர்க்கச் சராசரியிலிருந்து மீப்பாய்மப் பங்கைக் கணக்கிடும் வாய்பாட்டை, 1987-இல் பொல்லாக், செப்பர்லி இருவரும் தந்ததை, கரும்பலகையில் ஒரு படியும் விடாமல் வருவித்தார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் விடையை மட்டும் தந்து நகர்ந்துவிடும் இடம் இது. பழுதற்ற படிகத்தில் நீண்ட வளையங்கள் உருவாவதில்லை. அணு இல்லாத ஒரு காலியிடத்தைப் படிகத்தில் உண்டாக்கவே ஏறத்தாழ 13 கெல்வின் ஆற்றல் வேண்டும் என்பதால், மீப்பாய்மத்துக்கு வழிவகுக்கும் என்று 1969-இல் ஆந்திரேயெவும் லிஃப்ஷிட்சும் எதிர்பார்த்த காலியிடங்களுக்கு ஹீலியம்-4 படிகத்தில் வழியில்லை என்ற முடிவு அங்கிருந்து தானாகவே வந்து விழுந்தது.

குறை இதற்குப் பிறகுதான். படிக அடுக்குகள் திருகுபோல் பிசகி நிற்கும் கோட்டுப் பழுதான திருகு டிஸ்லொகேஷனின் நடுக்கோட்டில் மீப்பாய்மம் இருக்கலாம் என்று 2007-இல் வெளிவந்த கணிப்பு, இன்றும் ஆய்வாளர்களை இழுத்துப் பிடித்திருக்கும் பகுதி. அதற்குக் கடைசி அரைமணி நேரம்தான் ஒதுக்கப்பட்டது. நகலெடுத்துத் தந்த வரைபடங்களில் அச்சுகளின் எண்களும் படிக்க முடியாதபடி மங்கியிருந்தன.

புள்ளியியல் இயற்பியலில் பிடிமானம் இல்லாதவர்கள் இவ்வகுப்புக்கு வரவேண்டாம். வருவோர் மடிக்கணினியில் பைத்தான் நிரல்மொழியைச் சேலத்திலேயே நிறுவிக்கொண்டு மலையேறுவது நல்லது. வகுப்பறையில் இணையம் அடிக்கடி அறுந்துவிடுகிறது.