ஆத்தங்குடி கல்லா, விட்ரிஃபைட் டைலா? எந்த ரூமுக்கு எது

காரைக்குடி பக்கம் போய் செட்டிநாட்டு வீடுங்களப் பாத்துட்டு வர்றவங்க எல்லாரும் நம்ம வீட்டுக்கும் இதே ஆத்தங்குடி கல்லு, அதாவது காரைக்குடி பக்கத்துல ஆத்தங்குடி ஊர்ல கையாலயே பண்ற சிமெண்ட் டைல், போடணும்னு ஆசைப்படுவாங்க, ஆனா கொத்தனார் கிட்ட சொன்னா "அது மெயின்டனன்ஸ் ஜாஸ்தி சார், பேசாம விட்ரிஃபைட் போட்ருங்க"ன்னுடுவாரு. என்னக் கேட்டா விலை, டிசைன் எல்லாத்துக்கும் முன்னாடி பாக்க வேண்டியது ஒண்ணுதான், கலர் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கு?

ஆத்தங்குடி கல்லு சூளைக்கே போறதில்ல. கீழ ஒரு கண்ணாடி, அதுமேல இரும்புச் சட்டம், சட்டத்துக்குள்ள பூ டிசைன் அச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் ஆக்சைடு கலர்ப் பொடி கலந்த சிமெண்ட் கரைசல கையாலயே ஊத்தி அச்சத் தூக்கிடுவாங்க, அப்போ பக்கத்து பக்கத்து கலர் லேசா ஒண்ணோட ஒண்ணு உரசிக்கும், அதனாலதான் எந்த ரெண்டு கல்லுலயும் பூவோட ஓரம் ஒரே மாதிரி இருக்காது, எனக்கு அதுல பிடிச்சதே அதுதான். அப்புறம் காஞ்ச சிமெண்ட் மணல் தூவி ஈரத்த இழுக்கவிட்டு, கலவை போட்டு மட்டம் பண்ணி, காயவிட்டு, தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு எடுப்பாங்க. கண்ணாடி கழண்டு வர்றப்போ அதோட வழவழப்பு அப்படியே கல்லு முகத்துல இருக்கும், தனியா பாலிஷ் மெஷினே கிடையாது. சிமெண்ட் டைல் 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல பிரஸ்ல அழுத்திப் பண்ண ஆரம்பிச்சது, 1922ல பம்பாய்ல தொடங்கின பாரத் டைல்ஸும் பிரஸ் வழிதான், ஆத்தங்குடிக்காரங்க மட்டும் கண்ணாடியையும் கையையும் வச்சே பண்றாங்க.

விட்ரிஃபைட் வேற ஜாதி. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் பொடியாக்கி அழுத்தி சுமார் 1200 டிகிரியில சுடுவாங்க, உள்ளயே கண்ணாடியா உருகி இறுகிடும், தண்ணி உறிஞ்சுறது 0.5 சதவீதத்துக்கு மேல போகாது. குஜராத்துல இருக்க மோர்பிதான் இதுக்குப் பெரிய சென்டர். இதுலயும் ரகம் இருக்கு. டபுள் சார்ஜ்னா மேல 3, 4 மில்லிமீட்டருக்கு கலர் லேயர், டைலோட ஓரத்தப் பாத்தாலே ரெண்டு அடுக்கு தனித்தனியா தெரியும். மார்பிள் மாதிரியே மினுக்குற ஜிவிடி (கிளேஸ் போட்ட விட்ரிஃபைட் டைல்) வெறும் பிரிண்டும் அதுமேல கிளேஸ்ங்கிற மெல்லிசான கண்ணாடிப் பூச்சும்தான், ஆள் நடமாட்டம் ஜாஸ்தியா இருக்க வாசல்ல போட்டா கிளேஸ் தேய தேய டிசைனும் போயிடும்.

அதனால ஹால், திண்ணை, பூஜை ரூம் இங்கெல்லாம் நான் ஆத்தங்குடி பக்கம்தான். கலர் மேலோட்டமான பிரிண்டா இல்லாம ஆழமா இருக்கு, தினம் ஈரத்துணி போட்டுத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறிக்கிட்டே வரும், வெறுங்கால்ல நடக்க அவ்வளவு இதமா இருக்கும். ஆனா கிச்சனுக்கு வேண்டவே வேண்டாம், சிமெண்டுக்கும் புளிப்புக்கும் ஆகாது, எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணியோ கொட்டி அப்படியே விட்டா முகத்த அரிச்சுடும். கிச்சன் பாத்ரூம் ரெண்டுக்கும் கண்ண மூடிக்கிட்டு மேட், அதாவது மினுங்காத விட்ரிஃபைட் போடுங்க. ரெண்டு பாக்ஸ் எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கோங்க, அடுத்த பேட்ச்ல ஷேட் மாறிடும்.

செட்டிநாட்டு வீடுங்கள்லயே இந்தப் பிரிவினை இருக்கு, தரையில சிமெண்ட் கல்லு, செவுத்துல ஜப்பான்ல இருந்து கப்பல்ல வந்த புடைப்புப் பூ போட்ட கிளேஸ் டைல். செவுத்துல யாரும் நடக்கப் போறதில்லையே, அங்க மெல்லிசு கிளேஸே நூறு வருஷம் தாங்குது.

ஆத்தங்குடின்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா கொத்தனார் கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, வேலை முடிஞ்சதும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊத்தி கழுவுற பழக்கம் அவங்களுக்கு உண்டு, இந்தக் கல்லு மேல அத ஊத்தவே கூடாது, கறை விழுந்த உடனே ஈரத்துணியால துடைச்சுட்டா போதும்.